முதல் வெடியில் விழுகிறவன்

ரொறன்ரோவுக்கு வந்த மூன்றாவது வருசம் நான் பிரித்தானியச் சிப்பாயானேன். சனி ஞாயிறில் மட்டும். மற்ற நாட்களில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு வெயாஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஃபோர்க்லிஃப்ற் ஓட்டியவன்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. 1812இல் அமெரிக்கர்கள், அப்போது பிரித்தானியர் ஆண்ட இந்த நாட்டுக்குள் படையெடுத்து வந்தார்களே, அந்தச் சண்டையை அந்தக் காலத்து உடுப்போடும் துவக்கோடும் நடித்துக் காட்டுகிற ஒரு கூட்டத்தில் அவன் சார்ஜன்ட். ஆள் காணாது, வாறியா என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டான்.

ஊரில் நான் சரித்திரம் படிப்பித்தவன். நெப்போலியனைப் பற்றி வருசா வருசம் கரும்பலகை நிறைய எழுதியவன். ஆனால் நான் ஓமென்றதற்குக் காரணம் அதுவல்ல. இந்த நாட்டில் வேலைக்கு வா என்பதைத் தவிர வேறு எதற்கும் என்னை அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

வீட்டில் மனுசியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமி உடுப்புப் போட்டவனைக் கண்டால் வேலி பாய்ஞ்சு ஓடின ஆள் நீங்கள். இப்ப நீங்களே போடப் போறியளோ?"

"இது இருநூறு வருசத்துக்கு முந்தின உடுப்பு."

"சுடுவியளோ?"

"வெறும் வெடிமருந்துதான். குண்டு இல்லை."

"சத்தம் இருக்குமோ?"

"சத்தம் இருக்கும்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

ஆனாலும் என் சிப்பாய்க் கோட்டைத் தைத்தது அவள்தான். உடுப்புத் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சட்டைக்குக் கை மட்டும் பொருத்துகிற வேலை அவளுக்கு. ஒரு முழு உடுப்பைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தைத்துக் கனகாலம் என்று சொல்லிக்கொண்டு, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்ற் சாப்பாட்டு மேசையில் அந்தத் தடித்த சிவப்புக் கம்பளித் துணியை விரித்தாள். இரண்டு கிழமை நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். கழுத்துப் பட்டி நிமிர்ந்து நின்றது. தோள்மூட்டில் ஒரு சுருக்கம் இல்லை. போட்டுக் காட்டியபோது என்னைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்து, "கோட்டு நல்லாயிருக்கு" என்றாள்.

சார்ஜன்ட் அதை வாங்கி, உள்ளுக்கும் வெளிக்கும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெயாஹவுஸில் என்னோடு பகிடி விடுகிற ஆள், அன்றைக்கு வேறு ஆளாக இருந்தான்.

"மெஷின் தையல்."

"ஓம்."

"அந்தக் காலத்தில் மெஷின் இல்லை."

"பார்க்க வருகிற சனத்துக்கு இது தெரியுமா?"

"தெரியாது. எனக்குத் தெரியும்."

வெளியில் தெரிகிற தையல் அத்தனையையும் பிரித்துக் கையால் தைத்துக்கொண்டு வரவேண்டும் என்றான். இதை மனுசியிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது பத்து விதமாக யோசித்து, கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அவள் கோட்டை மடித்து என் மடியில் வைத்தாள்.

"பிரிக்கிறதெண்டால் பிரியுங்கோ. என்ர கண்ணுக்கு முன்னால வேண்டாம்."

அதனால் பின்னேரங்களில் கீழே லோன்ட்ரி ரூமில் இருந்துகொண்டு பிரித்தேன். நெருக்கமான, நேரான தையல். பிளேட் நுனி உள்ளே போக இடமில்லை. ஒவ்வொரு நூலாக இழுக்க இழுக்க, சார்ஜன்ட்மேலும் என்மேலும் விசர் விசராக வந்தது. உடுப்புக் காயப்போட வந்த எட்டாம் மாடி அன்ரி கொஞ்சநேரம் நின்று பார்த்தா.

"தம்பி, உது ஆற்ற கலியாணத்துக்கு?"

"கலியாணத்துக்கில்லை அன்ரி. ஆமிக் கோட்டு."

அன்ரி கோட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பாதி காய்ந்த உடுப்பை அள்ளிக்கொண்டு போய்விட்டா. நான் கனடா ஆமியில் சேர்ந்துவிட்டேன் என்று கட்டடம் முழுக்கக் கதை பரவியது. இரண்டு பேர் மனுசிக்கு ரெலிபோன் எடுத்துத் துக்கம் விசாரித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தைத்தேன். என் தையல் கோழி கிளறியது மாதிரி இருந்தது. மனுசி ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் விரலில் குத்திக்கொண்டபோதுகூட. வசந்தத்தில் சார்ஜன்ட் அந்தக் கோணல் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்போது சரி" என்றான். அவள் தைத்ததன் அழகைக் கெடுத்தபிறகுதான் அது சரியாகியிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, சந்தோசமும் வரவில்லை.

அந்த உடுப்புக்குள் மனிதன் இருக்கவே ஏலாது. ஆடி மாத வெயிலில் கம்பளிக் கோட்டு. குனிய விடாமல் கழுத்தை இறுக்குகிற தோல்பட்டி. சப்பாத்தில் இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே அச்சில் செய்தது. தோள்களுக்குக் குறுக்கே வெள்ளை வார்கள், முதுகில் பெட்டி மாதிரி ஒரு பை, இடுப்பில் தோட்டாப் பெட்டி. எல்லாம் சேர்ந்து மூச்சை அமுக்கும். ஏரிக்கரைப் பக்கம் ஒரு புல்வெளியில் முதல்நாள் அணிவகுத்து நின்றபோது, என் பெருவிரல் நகம் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

சண்டை தொடங்குமுன் சார்ஜன்ட் ஒவ்வொருவருக்கும் பங்கு சொல்லிக்கொண்டு வந்தான். யார் எப்போது விழவேண்டும், யார் கடைசிவரை நிற்கவேண்டும் என்று.

"நீ முதல் வெடியில் விழு."

விழுந்தேன். எறும்புக் கடி வாங்கிக்கொண்டு அரைமணித்தியாலம் குப்புறக் கிடந்தேன். அடுத்த சனிக்கிழமையும் முதல் வெடி. அதற்கடுத்ததும். நாலாம்முறை, ஏன் எப்போதும் நானே என்று கேட்டேன்.

"நீ நன்றாக விழுகிறாய்" என்றான்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு சண்டை முடியவும் பார்க்க வந்தவர்களில் யாராவது அவனைத் தேடி வந்து, உங்கள் படையில் அந்த மாநிற ஆள் என்ன வேசம் என்று கேட்பார்கள். குப்புறக் கிடப்பவனின் முகம் தெரியாது.

நான் நூலகத்துக்குப் போனேன். அந்தச் சண்டையில் இந்த நாட்டுப் பக்கம் நின்று சண்டைபிடித்த கறுப்பு மனிதர்களின் தனிப்பிரிவு ஒன்று இருந்தது என்று புத்தகத்தில் கண்டேன். அடிமையாக இருந்து தப்பி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்தப் பக்கங்களைப் போட்டோ கொப்பி எடுத்துத் திங்கட்கிழமை அவன் முன்னால் வைத்தேன். கையைத் துடைத்துவிட்டு ஒரு வரி விடாமல் வாசித்தான்.

"உண்மைதான். எனக்கு இது முன்பே தெரியும். ஆனால் அது வேறு பிரிவு, எங்கள் றெஜிமென்ற் இல்லை. அதோடு நீ அவர்களும் இல்லை."

"உன்ர பாட்டன் எப்போது இந்த நாட்டுக்கு வந்தவர்?"

"போலந்திலிருந்து. சண்டை முடிந்து நூறு வருசத்துக்குப் பிறகு."

"அப்ப நீயும் அந்த றெஜிமென்ற்றில் இருந்திருக்க ஏலாது."

அவன் அந்தப் பக்கங்களை மடித்து என்னிடம் நீட்டினான். பிறகு, "ஓம். ஆனால் என்னிடம் அதை ஒருவரும் கேட்பதில்லை" என்றான்.

அவன் கெட்டவனில்லை. அதுதான் எனக்குக் கூடுதலான எரிச்சல். கெட்டவனாக இருந்தால் கோட்டை அவன் மேசையில் எறிந்துவிட்டு வந்திருப்பேன்.

ஆவணியில் பெரிய சண்டை ஒன்று வந்தது. மனுசியும் வருகிறேன் என்றாள். நான் கேட்கவேயில்லை, தானாகச் சொன்னாள். வழியில் சாப்பிட இறைச்சி றோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு, அப்போது வாங்கியிருந்த பழைய காரில் ஏறினாள். அன்றைக்கு நான் விழுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

முதல் வெடி கேட்டது. புகை வந்தது. நான் நின்றேன்.

"விழு" என்றான் சார்ஜன்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் நேரே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் வெடி. "விழு." துவக்கை நிரப்பி, தூக்கி, விசையை இழுத்தேன். தீக்கல் ஒரு சத்தம் போட்டது, வெடிக்கவில்லை. திரும்ப இழுத்தேன், வெடிக்கவில்லை. முதல் வெடியில் எங்கள் வரிசையில் யாராவது விழுந்தே ஆகவேண்டும் என்பது எதிர்ப்பக்கத்தோடு பேசிய ஏற்பாடு. ஒருவரும் விழாததைக் கண்டு சார்ஜன்ட் தானே விழுந்தான். கட்டளை சொல்ல ஆளில்லாமல் வரிசை அப்படியே நின்றது. பாதிப் பேர் முன்னுக்குப் போனார்கள், பாதிப் பேர் பின்னுக்கு. சனம் சிரித்தது.

முடிந்தவுடன் அவன் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"வெடிமருந்து கையில் இருக்கும்போது கட்டளை கேட்காதவனை நான் வரிசையில் வைத்திருக்க முடியாது. உன் துவக்கு வெடிக்காத நிலையில் நீ பக்கத்தில் நின்றவன் முகத்துக்கு நேரே அதை ஆட்டிக்கொண்டிருந்தாய். இந்த வருசம் இனி நீ வரவேண்டாம்."

அவன் சொன்னது நியாயம்.

கார் நிற்பாட்டிய இடத்துக்கு நடந்து போனேன். மனுசி முன் சீற்றில் இருந்தாள். அந்த வெக்கைக்குள்ளும் கண்ணாடிகள் நாலும் முழுக்க மேலே ஏறியிருந்தன. கசெற்றில் பக்திப்பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். அவளுடைய சட்டை முழுக்க வியர்வை.

"நீர் பாக்கேல்லையோ?"

"வெளிக்கிட்டுக் கொஞ்சத்தூரம் வந்தனான். அந்தப் பெரிய வெடி கேட்டது. திரும்பி ஓடிவந்திட்டன்." பாட்டை நிற்பாட்டினாள். "என்ன நடந்தது?"

"நான் விழேல்லை."

"நல்லது" என்றாள். நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாதையில் நாங்கள் ஆறிப்போன றோல்ஸைச் சாப்பிட்டோம்.

வெயாஹவுஸில் அவனும் நானும் வழக்கம்போல வேலை செய்தோம். வேலையைத் தவிர வேறு கதை இல்லை. அடுத்த வசந்தத்தில் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனேன். ஏன் போனேன் என்று மனுசி கேட்டாள். அவ்வளவு தைத்துவிட்டேன் என்றேன்.

அவன் என்னை இரண்டாம் வரிசையில் இடப்பக்க நுனியில் நிற்பாட்டினான். விழு என்று சொல்லவில்லை. காரணமும் சொல்லவில்லை. நான் கடைசிவரை நின்றேன். சண்டை முடிய ஒரு மனிதர் பிள்ளைகளோடு வந்து, நீ என்ன வேசம் என்று நேரே என்னிடமே கேட்டார். நான் தொடங்கினேன். அந்தத் தனிப்பிரிவு, தப்பி வந்தவர்கள், போலந்துப் பாட்டன்மார், ஒருவரும் உண்மையில் அந்த வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளில்லை என்பது. பதினைந்து வருசம் படிப்பித்தவனுக்குப் பாடம் நடத்தவா தெரியாது. மூன்றாவது வசனத்துக்குள் பிள்ளைகள் பீரங்கியைப் பார்க்க இழுத்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

நான் கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு, துவக்கில் படிந்த மருந்துக்கரியைக் கழுவ, மற்றவர்களோடு சுடுதண்ணி எடுக்கிற வரிசையில் போய் நின்றேன்.