ஏப்ரலுக்கு எங்கே?

விடத்தல்தீவில் எங்கள் வீட்டாருக்குப் பயணம் என்றால் மடு மாதா திருநாள்தான். சட்டி பானை, பாய், கருவாடு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிப்போய் மரத்தடியில் சமைப்பார்கள். இத்தாலியில் இருக்கும் அண்ணா எங்களை அங்கே கூப்பிட்டு, வான் வண்டியொன்றில் நாட்டுப்புறமெல்லாம் சுற்றிக்காட்டப் போவதாகச் சொன்னபோதும் அம்மா கேட்டது ஒன்றுதான்.

"மகன், எங்க அடுப்பு மூட்டுறது?"

தொலைபேசித் திரையில் அண்ணா தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா, இது மடு இல்லை. முதல்ல திராட்சைத் தோட்டம். பிறகு மலை உச்சியில ஒரு சின்ன ஊர். அங்கயிருந்து சூரியகாந்தி வயல். கொஞ்சம் நாகரிகமாய் வாங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தாலிக்குப் போன நாள் முதல் சமையல் வேலை, ஹோட்டல் குசினியைத் தாண்டாத மனிதருக்கு வந்த நாகரிகம்! டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அவர் அனுப்பிய இத்தாலிப் படக் கலண்டர் சுவரில் தொங்கியது. எழுந்துபோய்ப் புரட்டினேன். ஜனவரியில் திராட்சைத் தோட்டம், பெப்ரவரியில் மலை ஊர், மார்ச்சில் சூரியகாந்தி.

"அப்ப ஏப்ரலுக்கு எங்க போறம், அண்ணா?"

திரையில் அவர் முகம் சுருங்கியது.

"ஏப்ரலிலயோ? பெரிய வெள்ளி வருமெல்லோ, பயணம் சரிவராது" என்றார் அம்மா.

"ஓம் அம்மா, சரிவராது" என்றார் அண்ணா, அவசரமாக.