பல்சக்கரத்துக்குச் சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டு டிராக்டருக்கு இரண்டாவது கியர் நிற்காது. போட்டதும் ஒழுங்குப் பிள்ளைபோல நிற்கும்; உழவில் கொஞ்ச தூரம் போவதற்குள் கம்பி துள்ளி வெளியே வந்துவிடும். அப்பா அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கியர் கம்பியில் மாட்டி, மறுமுனையை இருக்கைக்கு அடியில் இழுத்துக் கட்டிவிடுவார். கியரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் முடிச்சை அவிழ்க்க வேண்டும். குறுக்கே ஆடோ ஆளோ வந்துவிட்டால், பிரேக்கைவிட அப்பாவின் தொண்டைதான் அதிகமாக வேலை செய்யும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் டியூபுக்கும் அடங்காமல் போனது. கியர் பெட்டிக்குள் கல்லை அரைக்கிற மாதிரி சத்தம். அதுவும் புரட்டாசியில். பசுவந்தனைப் பக்கம் எங்களுடையது மானாவாரிக் கரிசல். மழைக்கு முன்னாலேயே புழுதியில் உழுது விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். மழை விழுந்துவிட்டால் கரிசல் களியாகிவிடும். டிராக்டர் என்ன, காலில் கிடக்கிற செருப்பே உள்ளே போனால் திரும்பி வராது. அந்த வருடத்து உளுந்தும் பருத்தியும் மழை முந்துகிறதா டிராக்டர் முந்துகிறதா என்பதில்தான் இருந்தது.

அப்பா கோவில்பட்டிக்கு ஆள் அனுப்பி ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. மாமா வந்த அன்றே டிராக்டரை நடுவில் பிரித்து, முன்பாதியை ஒரு கட்டை மேலும் பின்பாதியை ஒரு கட்டை மேலும் நிறுத்திவிட்டார். இரண்டாகக் கிடந்த டிராக்டரைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் உள்ளே இருந்த பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் வாஷர்களையும் கழற்றி, டீசலில் கழுவி, அப்பாவின் பழைய வேட்டியில் கழற்றிய வரிசை மாறாமல் பரப்பி வைத்தார்.

“இந்த வரிசதான் எனக்கு நோட்டுப் புஸ்தகம். ஒருத்தரும் தொடப்பிடாது” என்று வீட்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

அத்தைக்கும் கேட்டிருக்கும். அப்பாவின் தங்கையான அத்தை, வீட்டை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பில் உட்கார்ந்து தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். காடிகள் வெட்டிய சட்டத்தில் தீக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புகிற வேலை. அத்தை கை பட்ட சட்டத்தில் ஒரு குச்சி விலகி இருக்காது. அன்றைக்கென்னவோ அதிசயமாக இரண்டு சட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள்.

தேய்ந்த சக்கரத்தை மட்டும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு மாமா டவுனுக்குப் போனார். மறுநாள் ஆயுத பூஜை. அவர் பட்டறையிலும் பூஜை இருந்தது. அன்றைக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யவும் கூடாது. பூஜை முடித்துப் புதுச் சக்கரத்தோடு வருவதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டுப் பூஜைக்கு மண்வெட்டி, கடப்பாரை, மாமா விட்டுப்போன ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் கழுவி வைத்தோம். வேட்டியில் கிடந்த சக்கரங்களைப் பார்த்து அத்தை உதட்டைச் சுழித்தாள்.

“சாமி முன்னால இப்படியா கண்டபடி கெடக்கும்? சின்னதுலயிருந்து பெருசு வரைக்கும் வரிசையா அடுக்குட்டி.”

“மாமா தொடப்பிடாதுன்னு சொன்னாவளே?”

“சாமிக்குன்னு தொட்டா தப்பில்ல.”

எனக்கு அது போதும். சக்கரங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை படிக்கட்டாக அடுக்கினேன். வாஷர்களை உளுந்தவடைபோல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். அத்தை ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, நடு ஓட்டைகளில் செவ்வந்திப் பூவைச் செருகினாள். அப்பா அதைப் பார்த்துச் சொக்கிப்போய்த் தானே சூடம் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பூஜைபோல ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மாமா வந்தார். வேட்டி முன்னால் நின்றார். ஒரு சக்கரத்தில் இருந்த செவ்வந்தியை மெதுவாக உருவிக் கையில் வைத்துக்கொண்டு, “யாரு செஞ்ச வேல இது?” என்று கேட்டார்.

நான் குலுக்கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தவசம் கொட்டி வைக்கிற அந்த மண் குலுக்கைதான் வீட்டில் என்னைவிட உயரமான பொருள். அத்தை சாய்ப்பிலிருந்து, “நான்தான்” என்றாள். அவளை ஏச அப்பா வாயைத் திறந்தார். சூடம் காட்டியது தான்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

“எத்தன நாளாவும் மாப்ள?” என்று மட்டும் கேட்டார்.

மாமா கிழக்கே மேகத்தை ஒரு தடவை பார்த்தார். “ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துத்தான் அத்தான் மாட்டணும். மூணு நாளாவது ஆவும்.”

அந்த மூன்று நாளும் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. ஊரில் பாதிப்பேர் விதைத்து முடித்துவிட்டார்கள். அப்பா வாசலுக்கும் டிராக்டருக்கும் நடந்து நடந்து ஒரு தடமே விழுந்துவிட்டது. எல்லாம் என்னால் வந்த வினை. மழைக்காகப் பொங்கல் வைக்கிற ஊர் அது. நானோ காளியம்மன் கோவிலுக்குப் போய், “தாயே, மூணு நாளைக்கு மழையே வரப்பிடாது” என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலைக் கேட்டு அம்மன் கண்ணைக் குத்திவிடுவாளோ என்று பயந்து, டிராக்டர் ஓடுகிறவரை கடலை மிட்டாய் தின்பதில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். மாமா தினமும் டவுனிலிருந்து வரும்போது எனக்கென்று கடலை மிட்டாய்ப் பொட்டலம் வாங்கி வருவார். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு வேண்டாமென்பேன். “அப்ப ஒங்க அத்தைகிட்ட குடு” என்பார். அத்தை ஒன்றுகூட மிச்சம் வைக்கமாட்டாள். எனக்கு அவள்மேல் பொல்லாத கோபம்.

வேலையும் விசித்திரமாக நடந்தது. மாமா ஒரு வாஷரைத் தூக்கிப் பிடிப்பார். “ஏட்டி, இது எங்கன கெடந்துச்சுன்னு ஒங்க அத்தைகிட்ட கேளு.” நாலு எட்டுத் தள்ளித்தான் அத்தை உட்கார்ந்திருப்பாள். நான் ஓடிப்போய்க் கேட்பேன். அத்தை தலையைத் தூக்காமலேயே, “இருபத்தேழு பல்லு சக்கரத்துக்கும் குட்டி பேரிங்குக்கும் நடுவுலன்னு சொல்லு” என்பாள். பல்லை எப்போது எண்ணினாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓடிவந்து சொல்வேன். மாமா மாட்டிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், கழற்றுவார். “நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லு.” மறுபடி ஓட்டம். மறுபடி அதே பதில். இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிற அத்தை முதல் நாளே எல்லாவற்றையும் மொத்தமாகச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றும். பெரியவர்களுக்கு அவ்வளவுதான் புத்தி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. அப்பா ஏறி உட்கார்ந்து சைக்கிள் டியூபை அவிழ்த்துத் தூர எறிந்தார். கலப்பையை இறக்கி இரண்டாவது கியரில் கரிசல்காட்டின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை போனார். கம்பி அசையவில்லை. அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் உழுது விதைத்தோம். அதற்கடுத்த நாள் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. நான் நனைந்துகொண்டே கடலை மிட்டாய் தின்றேன்.

அந்தத் தையில் அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தது. பெண் கேட்டு வந்தார்கள், முறை இருந்தது, கொடுத்தார்கள். நானும் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டேன். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஒருநாள் கோவில்பட்டியில் மாமாவின் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் கழற்றிய கியர் பெட்டிச் சாமான்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்து தரையில் கொட்டினார். எங்கள் டிராக்டர் ரகம்தான். மாமா என் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டே குவியலுக்குள் கையை விட்டார். பார்க்கக்கூட இல்லை. ஒவ்வொன்றாக வந்தது, ஷாப்டில் ஏறியது. அத்தை மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

“வரிசையா அடுக்கி வைக்கலையா மாமா?”

“எதுக்கு? கையில எடுத்தா எந்த எடம்னு அதுவே சொல்லும்லா.”

“அப்ப எங்க வீட்டுல மட்டும் ஏன் மூணு நாளு?”

மாமா கழிவுத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தைதான் தூக்குச்சட்டியைத் திறந்தபடி சொன்னாள்.

“அந்த மூணு நாளும் மேகத்தப் பாத்துப் பாத்து இவியளுக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு. நான் மஞ்சத்துணியில காணிக்க முடிஞ்சு வச்சேன், மழ மட்டும் வந்துறக் கூடாதுன்னு.”

அந்த ஊரில் மழையே வராதே என்று வேண்டிக்கொண்ட ஒரே பாவி நான்தான் என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.