கறுப்புச் சட்டிக் குகைக்கு மேலே நான் சொன்ன ஊர்

போன மாதம், 2009 மே கடைசியில், ஊரில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த அடுத்த கிழமை, நானும் கணவர் ரஞ்சனும் நாங்கள் குடியேறியிருக்கும் ஹேர்னிங் நகரத்திலிருந்து போன்ஹோல்ம் தீவுக்குப் போனோம். ஊர் சுற்றுகிற நேரமா அது? எங்கள் ஊர் முள்ளியவளையிலிருந்து இடம்பெயர்ந்த என் தம்பி குமரன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் பற்றி ஏப்ரலிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் சோறு தண்ணியில்லாமல் கணினிக்கு முன்னால் கிடந்ததைப் பார்த்துப் பயந்துதான் ரஞ்சன் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அவருக்கு ஜியோகேஷிங் பைத்தியம். யாரோ ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் கருவியோடு தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, திரும்ப அங்கேயே வைத்துவிட்டு வருவது. ஒளிக்கிறவருக்கு வேலையில்லை, தேடுகிறவருக்கு மூளையில்லை என்பது என் அபிப்பிராயம்.

சுவீடனுக்குப் போகும் பாலம் வழியாக அங்குள்ள ஈஸ்டாட் துறைமுகம் வரை சுமார் 380 கிலோமீட்டர். அங்கிருந்து காரோடு படகில் 80 நிமிடம். இரவு தீவின் துறைமுக நகரான ரொன்னேயில் தங்கினோம், அறைக்கு 600 குரோனர். மறுநாள் காரைக் குட்யெம் என்ற மீன்பிடிக் கிராமத்தில் விட்டுவிட்டு, காலை 10.15க்குக் கரையோரப் பாதையில் நடக்கத் தொடங்கினோம். ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றமும் இறக்கமுமாக முழங்கால் கழன்றுவிடும்.

12.40க்கு, பெட்டி ஒளித்திருக்கும் குகைக்கு மேலே இருக்கும் பாறைக்கு வந்தோம். அங்கே ஒரு தமிழர் தனியே உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் கொப்பி, கையில் பேனை. எனக்குப் பகீரென்றது. சில மாதங்களாகவே, போரை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலங்களில் யார் படம் எடுக்கிறார்கள், யார் பெயர் எழுதுகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தோம். நாங்கள் சொல்வது யார் கைக்குப் போய், ஊரில் இருப்பவர்களை என்ன செய்யுமோ!

"தமிழோ? எவடம் தங்கச்சி?" என்றார்.

ரஞ்சன் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "கொழும்பு."

அவர் கொப்பியை மூடினார். "கொழும்பு எண்டா இதில இல்லை."

எதில் இல்லை? கேட்க எனக்குப் பயம். விறுவிறென்று கீழே இறங்கிவிட்டேன்.

குகையின் பெயர் கறுப்புச் சட்டி. ஐம்பது மீட்டருக்கு மேல் உள்ளே போகிறது, போகப் போகக் குனிய வேண்டும். பெட்டி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லிடுக்கில் இருந்தது. தாளில் எங்கள் பெயரை எழுத நான் விடவில்லை. "ஹான்சன் எண்டு ஏதும் வெள்ளைக்காரப் பேரை எழுதுங்கோ," என்றேன். "உமக்கு விசர்," என்றார் ரஞ்சன்.

ஒரு மணிக்கு வெளியே வந்தால், மேலே அந்த மனிதர் காதில் போனோடு வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களே, எங்களைப் பற்றித்தான் ஆருக்கோ சொல்லுறார்!" என்று ரஞ்சனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குட்யெமுக்குத் திரும்பும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

சிறிது நேரத்தில் அவரும் அங்கே வந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி போனில் யாரோடோ கதைத்தார். "ஹோர்சன்ஸில இருக்கிற அண்ணையிட்டச் சொல்லுங்கோ, அவற்ற தமக்கை முகாமில இருக்கிறா. உயிரோடதான். மற்ற முள்ளியவளை ஆக்களையும் வாசிக்கிறன், எழுதுங்கோ."

நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். "அண்ணை, நாங்களும் முள்ளியவளை!"

அவர் கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். "அப்ப கொழும்பு எண்டனீங்கள்? ஆர் நீங்கள்?" இப்போது சந்தேகப்படுவது அவருடைய முறை. பக்கத்து ஊர்க் கோயில் பொங்கலைப் பற்றி, ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வி கேட்டார். "வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடல் தண்ணி எங்க எடுக்கிறது?"

"சிலாவத்தையில. காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து உப்புத் தண்ணியில விளக்கேத்துறது." சொல்லும்போதே அழுதுவிட்டேன். தம்பியின் பெயரையும் மனைவியின் பெயரையும் சொன்னேன்.

அவர் குட்யெமில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவராம். முகாமில் உயிரோடு இருப்பவர்களை ஊர்வாரியாக எழுதியிருந்த கொப்பியில், பாத்திரம் கழுவிச் சிவந்த விரலால் பக்கம் பக்கமாகத் தேடினார். "மனிசியும் ரெண்டு பிள்ளையளும் இருக்கினம், தங்கச்சி."

"தம்பி?"

"அவற்ற பேர் இல்லை. முகாமுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிற போனில என்ர மருமகன் ஒருத்தன் எனக்கு எடுக்கிறவன். சமையலறைக்குள்ள சிக்னல் இல்லை எண்டு, அவன் எடுக்கிற நேரம் அந்தப் பாறைக்குத்தான் வாறனான். ஒரு மணிக்கு எடுத்தவன். அப்ப நீங்கள் ஊரைச் சொல்லியிருந்தா, அவனை அவையிட்டையே போய்த் தம்பியைப் பற்றிக் கேக்கச் சொல்லியிருப்பன். இனி எப்ப எடுப்பானோ, ஆருக்குத் தெரியும்?"

நீங்கள் போவதாக இருந்தால் ஆளுக்கொரு டோர்ச் லைட் கொண்டுபோங்கள். வழுக்காத சப்பாத்து கட்டாயம். திரும்பும் பஸ்ஸுக்கு ஆளுக்கு 24 குரோனர், அதுவும் மணிக்கொன்றுதான். பாறைமேல் கொப்பியோடு ஒருவர் இருந்து ஊரைக் கேட்டால், பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் உண்மையைச் சொல்லுங்கள். அவர் என் தம்பியின் பெயரைக் கொப்பியில் புதிதாக எழுதி, அதற்கு நேரே எங்கள் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். இன்றைக்குப் பன்னிரண்டு நாள். வேலைக்குப் போகும்போதும் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். இன்னும் அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை.