மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டாவது கசெற்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வரை, ஜொய்சி துரைராஜா 3,117 வீடியோ கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றியிருந்தார். உடுவிலில் தன் வீட்டு முன்னறையை அவர் கடையாக்கிப் பதினொரு வருடம். கலியாணம், சாமத்திய வீடு, செத்தவீடு, தேர்த்திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று யாழ்ப்பாணத்தார் கமெராவுக்கு முன்னால் செய்த எல்லாமே அந்த அறைக்குள் வந்து போயிருக்கின்றன. அறுந்த நாடாவை ஒட்டியிருக்கிறார். பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்திருக்கிறார். கறையான் ஏறிய கசெற்றைக் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்குள் சுற்றிக் காப்பாற்றியிருக்கிறார். ஏலாது என்று திருப்பிக் கொடுத்தது எட்டே எட்டு. அந்த எட்டுப் பேரின் பெயரும் ஊரும் அவருக்கு இன்றைக்கும் பாடம்.

3,118ஆவது கசெற் ஒரு குழந்தைச் சட்டைக்குள் சுற்றப்பட்டு வந்தது.

கொண்டுவந்தவர் குணலட்சுமி, கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்பவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கதிரையில் உட்காராமலே விஷயத்தைச் சொன்னார். கணவர் முருகேசு தையற்காரர். 2003இல், சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து அவருடைய தமையன் ஒரு கமெராவோடு வந்து மகள் கீர்த்திகாவின் முதலாம் பிறந்தநாளைப் படம் பிடித்தார். திரும்பிப் போய் அதைக் கசெற்றில் பதிந்து அனுப்பினார். பக்கத்து வீட்டு வீடியோ டெக்கில் ஒரேயொரு தடவை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, ஏ-9 வீதியில் முருகேசுவின் சைக்கிளை லொறி அடித்தது. அப்போது பிள்ளைக்கு மூன்று வயது. வீட்டில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான். தமையனிடம் இருந்த பிரதியும் வீடு மாறியபோது தொலைந்து போயிற்று.

"வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் கலியாணம், தங்கச்சி. தேப்பன் எப்பிடி நடப்பார், எப்பிடிச் சிரிப்பார் எண்டு அவளுக்குத் தெரியாது. மணவறையிலை ஏற முதல் ஒருக்காக் காட்டவேணும்."

பிறகு, சொல்லலாமா விடலாமா என்று யோசித்து, இன்னொன்றையும் சொன்னார். யாழ்ப்பாண நகரத்தில் பெரிய கடை வைத்திருக்கும் மயூரதனிடம் இந்தக் கசெற் ஏற்கெனவே போய் வந்துவிட்டது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, நாடா செத்துவிட்டது, எறிந்துவிடுங்கோ என்று சொன்னாராம்.

ஜொய்சி கசெற்றை வாங்கி மூடியைத் திறந்து, நாடாவைக் கையாலேயே சுற்றிப் பார்த்தார். நடுவில் ஒரு சாண் நீளம் கசங்கியிருந்தது. இனி ஒன்றிரண்டு முழு ஓட்டத்துக்குமேல் அது தாங்காது. முருகேசு எந்த இடத்தில் வருகிறார் என்று கேட்டார். பாதிக்குப் பிறகுதான் வருவார், அதுவரைக்கும் தையல் மெசினோடு நின்றார் என்று குணலட்சுமி சொன்னார். அதாவது, கசங்கிய இடத்துக்குக் கிட்ட.

"சட்டையையும் விட்டிட்டுப் போங்கோ அக்கா" என்றார் ஜொய்சி. "வீடியோவிலை பிள்ளை போட்டிருந்தது உதுதானே?"

"ஓம். அவர் தைச்சது."

மாம்பழ மஞ்சளில் நீலக் கரை வைத்த சட்டை. ஜொய்சி அதை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். எண் எழுதிய ஒட்டுத்தாளை வழக்கம்போலக் கசெற்றின் மூலையில் ஒட்டினார். பதிவுக் கொப்பியில் 'பிடித்த இடம்' என்ற நிரலில் கொடிகாமம் என்று எழுதினார்.

கடையில் ஒரு டெக், ஒரு பழைய ரீவி, ஒரு கணினி. டெக்குக்கும் கணினிக்கும் நடுவே யூஎஸ்பி குச்சி ஒன்று. டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது அதன் வேலை. அந்தக் குச்சியை எப்படி ஆட்டுவிப்பது என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர். குச்சியோடு சீடித் தட்டில் வந்த இயக்கி புதிய விண்டோஸில் ஏற மறுத்தது. போதாததற்கு வாடிக்கையாளரின் பென் ட்ரைவுகளிலிருந்து வைரஸ் வந்து இரண்டு தரம் எல்லாவற்றையும் அழித்தது. இரண்டாம் தரம் அழிந்த அன்றைக்கே ஜொய்சி விண்டோஸை விட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறினார். குச்சியைச் செருகியதும் அது தானாகவே அடையாளம் கண்டது. இயக்கி உள்ளேயே இருந்தது. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் திறந்து வாசிக்கலாம் என்பதை அப்போது அவர் பெரிதாக எடுக்கவில்லை.

கசெற்றின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் ஓட்டினார். ரீவியில் படம் துப்புரவாக விழுந்தது. பந்தல், பலூன், கேக், பந்தியில் இருந்த சனம். நாடா சாகவில்லை. கணினித் திரையில் மட்டும் அதே படம் நாலாகக் கிழிந்து மேலே மேலே ஓடியது.

அன்றைக்கு முழுக்க அவர் ஒவ்வொன்றாக விலக்கினார். வயரை மாற்றினார், அதே ஓட்டம். வேறொரு கசெற்றைப் போட்டார். அது ஒழுங்காக வந்தது. ஆகவே குச்சியில் பிழையில்லை. கணினி தனக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளைத் திறந்து வாசித்தார். குச்சி செருகப்பட்டது, இயக்கி ஏறியது, படத்துக்காகக் காத்திருக்கிறது என்று அது பணிவாகச் சொன்னது. எல்லாம் சரி, படம் மட்டும் இல்லை.

பின்னேரம் மயூரதன் தொலைபேசி எடுத்தார். கொடிகாமத்து அம்மா உங்களிடம் வந்தாரா என்று விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, உந்த ஓசிச் சாமானை வச்சுக்கொண்டு ஏன் மினக்கெடுறியள்? காசு குடுத்து வாங்கின என்ரை மெசினுக்கே ஏலாமப் போட்டுது."

"ரீவியிலை வருகுதே, தம்பி. நீர் ரீவியிலை போட்டுப் பாத்தனீரோ?"

கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று சொல்லி மயூரதன் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கசெற் எடுக்கலாம் என்று ஜொய்சி றாக்கைக்குப் போனார். வரிசையாக நின்ற கசெற்றுகளின் மூலையில் E-180, E-180, E-240 என்று அச்சடித்திருந்தது. பதினொரு வருடமாகக் கண்ணில் பட்ட எழுத்துத்தான். 3,118இன் மூலையில் அப்படி எதுவும் இல்லை. அங்கே அவருடைய ஒட்டுத்தாள் இருந்தது.

நகத்தால் உரித்தார். கீழே T-120 என்றிருந்தது.

அது வட அமெரிக்கக் கசெற். இலங்கையிலும் இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ரீவி செக்கனுக்கு ஐம்பது தரம் துடிக்கும். கனடாவில் அறுபது. ஜொய்சிக்கு இது தெரியாத விஷயமில்லை. அதற்காகத்தான் 'பிடித்த இடம்' என்று ஒரு நிரல் கீறி வைத்திருந்தார். இங்கே பிடித்த படமென்றால் எங்கள் முறை, ரொறன்ரோவில் பிடித்ததென்றால் கனடா முறை, அதற்கென்று வைத்திருந்த கனடா டெக். அந்த டெக் பழுதாகி ஒரு வருடம். ஆனால் இந்தப் படம் கொடிகாமத்தில் பிடிக்கப்பட்டு, கனடாவில் பதியப்பட்டது. பந்தலையும் பந்தியையும் கண்டதும் கசெற்றும் இந்த மண்ணில் பிறந்ததென்று அவர் முடிவுகட்டிவிட்டார். போதாததற்கு, உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே எழுத்தின் மேல் தன் கையாலேயே ஒட்டுத்தாளை ஒட்டியிருந்தார்.

ஒரு வரிக் கட்டளை அடித்துக் குச்சியைக் கனடா முறைக்கு மாற்றினார். படம் டக்கென்று நின்றது. ஆனால் கறுப்பு வெள்ளையில்.

தேத்தண்ணியோடு வந்த கணவர் துரைராஜா திரையை எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர், எந்த வேலையையும் முத்திரை குத்தி அனுப்பிவிட வேண்டும் என்ற ஆள். பழைய படம்தானே, கறுப்பு வெள்ளையில் இருந்தால் யாருக்கு என்ன, குடுத்துவிடும் என்றார். ஜொய்சி லாச்சியைத் திறந்து மஞ்சள் சட்டையை எடுத்து அவர் முன்னால் பிடித்தார்.

"இதை மனிசன் மஞ்சளிலை தைச்சவர். நான் சாம்பலிலை குடுக்கிறதோ?"

துரைராஜா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நிறம் ஏன் வரவில்லை என்று தேடியதில் அந்த நாள் முடிந்தது. விடை டெக்கில் இருந்தது. இந்த ஊர் டெக் கனடாக் கசெற்றை ஓட்டும்போது துடிப்பை அறுபதிலேயே விட்டு, நிறத்தை மட்டும் எங்கள் முறைக்கு மாற்றி அனுப்பும். நடை கனடாவினது, நிறம் இலங்கையினது. ரீவி இந்தக் கலப்பை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். குச்சிக்குள் இருந்த சிப்பும் ஏற்கும் என்று அதன் விவரத்தாளில் எழுதியிருந்தது. ஆனால் கலப்பு முறைக்கு மாறு என்று கட்டளை அடித்தால், அப்படி ஒன்று இல்லை என்று கணினி மறுத்தது.

இல்லையென்று சொல்வது யார்? குச்சி அல்ல. அதற்கு முன்னால் நிற்கும் இயக்கி.

புதன்கிழமை காலை ஜொய்சி இயக்கியைத் திறந்து வாசித்தார். மென்பொருள் எழுதப் படித்தவர் அல்லர் அவர். ஆனால் திருமண வீடியோக்களின் பெயர்ப்பட்டியலில் விடுபட்ட பெயரைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அது. அந்தக் குச்சி ஏற்கக்கூடிய முறைகளின் பட்டியல் ஓரிடத்தில் இருந்தது. எல்லாப் பெயரும் இருந்தன, கலப்பு முறையைத் தவிர. எழுதியவர் இருந்த நாட்டில் அது யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. கனடாவில் பதிந்த கசெற்றை இலங்கை டெக்கில் போட்டு ஓட்டும் சனத்தை அவர் எங்கே கண்டிருக்கப் போகிறார்?

மற்றப் பெயர்கள் எப்படி எழுதப்பட்டிருந்தனவோ அப்படியே இதையும் எழுதினார். ஒரு வரி. இயக்கியைப் புதிதாகக் கட்டினார். முதல் தரம் ஒரு கமா தவறியதென்று திட்டு வாங்கினார். இரண்டாம் தரம் பேசாமல் ஏறியது. பழைய இயக்கியை இறக்கி, புதியதை ஏற்றி, கட்டளையை அடித்தார். இந்த முறை கணினி மறுக்கவில்லை.

முதல் இரண்டு நிமிடத்தை ஓட்டினார். பலூன்கள் சிவந்தன. குழந்தை ஒன்று யாரோ ஒருவரின் மடியில் இருந்து பந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜொய்சி சட்டையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். மஞ்சளுக்கு மஞ்சள், நீலக் கரைக்கு நீலக் கரை.

பிறகு நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றி, டெக்கின் தலையைத் துடைத்து, வாசல் கதவைச் சாத்தி, முழு ஓட்டத்தைத் தொடங்கினார். நாற்பத்தோராவது நிமிடத்தில் கசங்கிய இடம் வந்தது. டெக் ஒரு தரம் முனகியது. திரையில் வெள்ளைக் கோடுகள் கீழிருந்து மேலே ஏறின. ஜொய்சி நிறுத்தும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தபடி நின்றார். கோடுகள் கரைந்தன. கழுத்தில் அளவு நாடாவோடு மெலிந்த ஒரு மனிதர் பந்தலுக்குள் நுழைந்து சிரித்தார்.

அன்று பின்னேரம், அந்த ஒரு வரியையும் அது ஏன் வேண்டும் என்ற விளக்கத்தையும், அந்த இயக்கியைப் பராமரிக்கும் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். வியாழன் காலை போலந்திலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். தன் பக்கத்தில் சோதித்துப் பார்த்தாராம், வரி சரியாம். எழுதியவர் என்று எந்தப் பெயரைப் போடட்டும் என்று கேட்டிருந்தார்.

ஜொய்சி அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு குசினிக்குள் போய்க் கணவரிடம் வாசித்துக் காட்டினார். இந்தக் குச்சியை லினக்ஸில் செருகுகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வரி அவருடைய கணினிக்குள் இருக்கும், அதை எழுதியவர் பெயரும் பதிவில் இருக்கும் என்று விளக்கினார். துரைராஜா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஜொய்சி துரைராஜா எண்டோ போடப்போறீர்? நான் ஒண்டும் செய்யேல்லையே. என்ரை பேரும் ஓசியிலை போகுது."

"தேத்தண்ணி தந்தனீங்கள்தானே."

மத்தியானத்துக்குள் உடுவில் சந்தியில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருந்தது. தபாலதிபர் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இரண்டு மணிக்குக் குணலட்சுமி வந்தார். கலியாண வீட்டு வேலைக்கு நடுவில் வந்தவர், இந்த முறை கதிரையில் இருந்தார். ஜொய்சி நேரே நாற்பத்தோராவது நிமிடத்துக்குப் போனார். முருகேசு வந்தார், சிரித்தார், யாருடைய மடியிலோ இருந்த பிள்ளையைத் தூக்கினார். மஞ்சள் சட்டையின் ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. அவர் குனிந்து அதைப் பல்லால் கடித்து அறுத்தார்.

குணலட்சுமி கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.

"நூலைப் பல்லாலை கடிக்காதைங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். இப்போது எத்தனை தரம் வேண்டுமானாலும் போடலாம்.

பென் ட்ரைவை முந்தானையில் முடிந்துகொண்டு, கசெற்றைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். நாளைக்கு எட்டு மணிக்கே வந்துவிட வேண்டும், ரீவியில் போடத் தெரிந்த ஆள் அங்கே யாரும் இல்லை, பிள்ளைக்கு நீர்தான் காட்ட வேண்டும் என்று வாசலில் நின்று கட்டளை போட்டார். ஜொய்சி ஓம் என்றார்.

அவர் போனபின் ஜொய்சி பதிவுக் கொப்பியை எடுத்து, 'பிடித்த இடம்' என்ற நிரலுக்குப் பக்கத்தில் 'பதிந்த இடம்' என்று இன்னொரு நிரல் கீறினார். ஒட்டுத்தாள் இனிக் கசெற்றின் முதுகில்தான். பிறகு, ஏலாது என்று திருப்பிக் கொடுத்த எட்டுப் பெயர்களையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதினார். அவர்களின் கசெற்றுகளில் மூன்று, வெளிநாட்டுச் சொந்தக்காரர் வந்து பிடித்தவை. அந்த மூவரிடமும், மயூரதன் சொன்னது போலவே, நாடா செத்துவிட்டதென்று அவரும் சொல்லியிருந்தார்.

மூன்று பேருக்கும் தொலைபேசி எடுத்தார். ஒருவர் கசெற்றை எறிந்துவிட்டார். ஒருவர் தேடிப் பார்க்கிறேன் என்றார். மூன்றாமவர் காங்கேசன்துறை லூர்த்தம்மா. அவருடைய கசெற் அலுமாரியிலேயே இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைக் கொண்டு வருகிறேன் என்றார்.