நிற்பவனும் உட்கார்ந்திருப்பவனும்

வேங்கிக்காலில் இந்த அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, கூடத்தில் ஒரே ஒரு சுவர்தான் முழுதாக இருந்தது. மற்ற மூன்றையும் கதவும் ஜன்னலும் டிவியும் பிடித்துக்கொண்டுவிட்டன. அந்தச் சுவர் பதினாறு அடி நீளம், ஒன்பதரை அடி உயரம். முப்பத்தொரு வருஷம் நில அளவையாளராக இருந்தவன் நான். டேப்பை வைத்து மூன்று முறை அளந்தேன்.

என்னிடம் சட்டம் போட்ட புகைப்படங்கள் நாற்பத்தாறு. மறைந்தவர்கள் மேல் வரிசை, இருப்பவர்கள் கீழ் வரிசை, நடுவே ஓரடி இடைவெளி என்பது என் மனைவி போட்ட சட்டம். எங்கள் கல்யாணப் படத்தில் இருபத்திரண்டு பேர். உயிரோடு இருப்பது ஐந்து பேர்தான். ஆனாலும் அது கீழே வந்தது. “பொண்ணும் மாப்பிள்ளையும் இருக்கோம் இல்ல” என்றாள். இப்படியே மேலே பத்தொன்பது, கீழே இருபத்தாறு ஆயிற்று. ஒரு படம் மட்டும் சாப்பாட்டு மேஜையிலேயே நான்கு நாள் கிடந்தது.

தேரடி வீதி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த படம். நானும் என் அண்ணனும். எனக்கு மூன்று வயது; அவன் என்னைவிடப் பதினான்கு மாதம் பெரியவன். கோயிலில் வேண்டுதல் முடித்து, இருவருக்கும் மொட்டையடித்து, சந்தனம் காய்வதற்குள் அழைத்துப்போய் எடுத்தார்களாம். ஒரே துணியில் தைத்த சட்டை. ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், ஒருவன் பக்கத்தில் நிற்கிறான். அதே வருஷம் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். அம்மா அந்தப் படத்தைப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். எழுபத்து மூன்று வருஷமாக அவனுக்கு ஒரு பொட்டில்லை, பூவில்லை. அதை இந்தச் சுவரிலாவது சரிசெய்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி ஈரக் குங்குமத்தை விரலில் எடுத்துக்கொண்டு வந்தாள். “மேல் வரிசையில மாட்டிடலாம். உங்க அண்ணன் நெத்தியில மட்டும் பொட்டு வெச்சிட்டா போதும். இதுல யாருங்க அவரு?”

“உட்கார்ந்திருக்கிறவன்” என்றேன்.

“நல்லாத் தெரியுமா?”

அப்போதுதான் எனக்குத் தடுமாறியது. பத்து வயதில் ஒரு முறை அம்மா அந்தப் படத்தைக் காட்டி, “இது நீ, இது அண்ணன்” என்று விரல் வைத்தாள். நிற்பவன் நான் என்று அன்றைக்கே மனதில் எழுதிக்கொண்டேன். ஆனால் நான் பார்த்தது அவள் விரலையா, அழுதுகொண்டிருந்த அவள் முகத்தையா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிற்பவன் சட்டையில் நான்கு பொத்தான், உட்கார்ந்திருப்பவன் சட்டையில் மூன்று. அதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை.

அதைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் மிச்சம். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அக்கா. எண்பத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றப் போய்விட்டான்.

நான் உடனே படத்தை நீட்டவில்லை. அவள் ஞாபகம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று தெரிய வேண்டாமா? முதலில் சுவரில் இருந்த பன்னிரண்டு படங்களைக் காட்டி யார் யார் என்று கேட்டேன். ஒன்பது சரியாகச் சொன்னாள். என் மாமியாரை எங்கள் அத்தை என்றாள்.

“இன்னாடா இது? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேள்வி கேட்டுக்கினே இருக்கே. எனக்குப் பரிட்சை வெக்கிறியா?”

“சும்மாதான்க்கா.”

“அவருக்கு எல்லாத்துக்கும் மார்க் போடணும் அண்ணி” என்றாள் என் மனைவி. “நேத்து என் சாம்பார்ல முருங்கைக்காய எண்ணினாரு.”

“எத்தினி இருந்துதாம்?”

“எனக்கு ஏழு, அவருக்கு ஆறாம். அதுக்கு ஒரு பஞ்சாயத்து.”

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே படத்தை அக்கா மடியில் வைத்தேன். சிரிப்பு நின்றது. நிற்பவன் கன்னத்தைக் கண்ணாடிமேல் தடவி, “என் ராசா” என்றாள்.

“அக்கா, அது நான்.”

“நீ இதோ குந்திக்கினு இருக்கியேடா.” நாற்காலியில் இருந்தவனைக் காட்டினாள். “மொட்டை போட்டதிலிருந்து ஒரே அழுகை. நிக்கவே மாட்டேன்னுட்டே. அதான் உன்னத் தூக்கி நாற்காலியில வெச்சாங்க. அவன் பாவம், சொன்ன பேச்சு கேட்டு நின்னான்.”

“நிச்சயமா?”

“உங்க ரெண்டு பேரையும் இடுப்புல சொமந்தவ நானு. எங்கிட்டயே கேக்கறியா?”

பன்னிரண்டுக்கு ஒன்பது. நாலில் ஒரு பங்கு தப்பாக இருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் என் மனைவியிடம் குங்குமச் சிமிழை வாங்கி, நிற்பவன் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டாள். விரல் கண்ணாடியில் வழுக்கி, பொட்டு மூக்கு வரை இழுத்துக்கொண்டு போனது. அவள் அழுததைப் பார்த்ததும், பொத்தானைப் பற்றிக் கேட்க இருந்ததை விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அவள் போனதும் மனைவியிடம் சொன்னேன்: “உட்கார்ந்திருக்கிறவனுக்கும் ஒண்ணு வெச்சிடு. ரெண்டில ஒருத்தன் அண்ணன்தானே. அவனுக்குத் தப்பாமல் போய்ச் சேரும்.”

அவள் சிமிழைப் பட்டென்று மூடினாள். “உயிரோட இருக்கிற மனுஷனுக்கு என் கையால பொட்டு வெக்கச் சொல்றீங்களா? உங்க கணக்கெல்லாம் எனக்கு வேணாம். என் கழுத்துல தாலி இருக்கு.”

நான் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்தேன். படம் மேல் வரிசையில் இருபதாவதாக ஏறியது.

இதுவரை பதினொரு வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொரு வாரமும் அவள் கண்ணாடியைத் துடைத்து, நிற்பவனுக்கு மட்டும் புதுப் பொட்டு வைக்கிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் வந்து நிற்கிறேன். உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து ‘இது நான்’ என்று சொல்லிப் பழகுகிறேன். அவன் யாரோ ஒரு பையனாகத்தான் இருக்கிறான். பொட்டு வைத்தவனைப் பார்த்து ‘அண்ணா’ என்று கூப்பிட வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து அப்படிக் கூப்பிட இன்னும் வரவில்லை.