பீட்ரூட் சாறும் ஐந்து நிமிடமும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிறவனைப் போல, பிரஷர் பார்க்கும் நாளன்று மட்டும் பீட்ரூட் சாறு குடித்தவன் நான். வயது அறுபத்திரண்டு.

மனைவி இறந்த பிறகு, பெருநகர் என்னும் எங்கள் கிராமத்து வீட்டில் நான் ஒருவன்தான். மகன் ஓசூரில். மாதம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் கோமதி கருவியோடு வருவாள். அழுத்தம் அதிகமிருந்தால் ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி அளக்க வேண்டும் என்பது அவளுக்கு விதி. முதல் மாதம் அப்படித்தான் உட்கார்ந்தாள். மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள்.

செல்போனில் யாரோ பீட்ரூட்டைப் புகழ்ந்தார். அடுத்தமுறை கோமதி வரும் காலையில் இரண்டு டம்ளர் குடித்தேன். எண் இறங்கியது.

"பரவால்லியே பெரிப்பா, மாத்திரைய ஒயுங்கா போட்டுக்கினு கீறீங்க."

மாத்திரை அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. மற்ற நாட்களில் எனக்குப் பழைய சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான்.

நான்காம் மாதம் ஏரிக்கரை ஏறும்போது மூச்சு இரைத்தது. முன்னால் போன எருமையே நின்று திரும்பிப் பார்த்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது சுவர் தடித்திருந்தது.

"மாத்திரை?" என்றார் டாக்டரம்மா.

"பீட்ரூட்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுல நைட்ரேட் இருக்கு. சில மணி நேரம் ரத்தக்குழாயத் தளர்த்தும். மிச்ச நேரத்துக்கு? கீரை, பூண்டு, பீட்ரூட் எல்லாம் சாப்பிடுங்க, மாத்திரையோட. ஊறுகாய வுடுங்க. கூட யாரு வந்திருக்காங்க?"

"நானே என்னைக் கூட்டிட்டு வந்தேம்மா."

இப்போது மாத்திரையும் உண்டு, உப்பு குறைத்த முருங்கைக்கீரையும் உண்டு. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையின் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.) இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் அடிப்பது காதில் கேட்கிறது. வீட்டில் இன்னொருவர் குடியிருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் இரண்டு மாதம் எண் இறங்கவில்லை. கோமதி ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். கிளம்ப மறுக்கும் தன் ஸ்கூட்டியைப் பற்றியும், கணக்கு வராத மகளைப் பற்றியும் சொன்னாள். மாதம் என்பது எனக்கு அந்த ஐந்து நிமிடமாகச் சுருங்கியிருந்தது.

இந்த மாதம் எண் சரியாக வந்தது. குறித்துக்கொண்டு கைப்பட்டையை அவிழ்த்தாள்.

"இன்னொரு தபா பாத்துடேன் கோமதி. மெஷினு தப்பா காட்டிகினு கீதோ இன்னாவோ."

பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நார்மல்னா ஒரு தபாதான் பெரிப்பா."