தெறக்காத ஆஸ்பத்திரி வாட்ச்மேன்

செல்வி, என் தங்கச்சி, ஒன்ன தூக்கிக்கிட்டு நா தப்பான எடத்துக்கு ஓடிட்டேன்டி. கரும்புக் கொல்லையில ஒன்ன பாம்பு கடிச்சப்ப, ரோட்டோரம் புது ஆஸ்பத்திரி சீரியல் லைட்டு கட்டி நின்னுது. தெறந்துட்டாங்கன்னு நெனச்சி சேத்துச் செருப்போட படியேறிட்டேன்.

படியில வாட்ச்மேன் குந்திக்கிட்டு ஈரத்துணியால டைல்ஸ தொடச்சிக்கிட்டு இருந்தாரு. ஒல்லியான ஆளு, காக்கிச் சட்டைக்கு கழுத்து வரைக்கும் பட்டன். தெனமும் அதான் அவரு வேலன்னு பின்னாடிதான் தெரிஞ்சிது.

"செருப்ப கழட்டிட்டு ஏறு தம்பி."

"பாம்பு கடிச்சிருக்குய்யா! டாக்டர் எங்க?"

"டாக்டரே இன்னும் போடலப்பா. அமைச்சரு தேதி குடுத்தாதான் தெறப்பாங்க."

"அப்ப யாருக்குய்யா இந்த எழவ தொடைக்கிற? கோடி கோடியா கொட்டி டைல்ஸு ஒட்டத் தெரியுது, ஒரு ஊசி வாங்கி வெக்க வக்கில்லையா?"

அவரு வெறுங்காலோட ரோட்டுக்கு ஓடி ஒரு டிராக்டர மறிச்சாரு. அதுல ஒன்ன ஏத்திக்கிட்டு விருத்தாசலம் பெரியாஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள நீ போயிட்ட.

காரியம் முடிஞ்சி அந்தப் பக்கம் போனேன். டைல்ஸு எல்லாம் பளபளன்னு இருந்துச்சி. என் சேத்துச் செருப்புத் தடத்த மட்டும் அவரு தொடைக்கல. ஏன்னு எனக்குத் தெரியல. அமைச்சரு அத மிதிச்சிட்டுதான் உள்ள போவணும்.

இதக் கேக்குற நீங்க எல்லாரும் என் செல்விக்காக ஒரு தடவ சாமிகிட்ட வேண்டிக்கோங்க.